ஒண்ணுமில்லீங்க என்று நிறைந்த நோட்டு

1

என் மகள் ரூத்தின் பிறந்தநாளில் கேக் வெட்டுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அன்னூரில் இருக்கும் என் அண்ணனை வீடியோவில் கூப்பிட வேண்டும். அண்ணன் அருள்தாஸ் கோயமுத்தூரில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் முகம் தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உக்கடம், டவுன்ஹால், காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி, குரும்பபாளையம், கோவில்பாளையம், கணேசபுரம், அன்னூரேய்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ரூத் மூன்று வயதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள் என்பதற்காக ஆரம்பித்தது. இப்போது அவளுக்குப் பதினாறு. நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோயமுத்தூரைப் பற்றி உருப்படியாகத் தெரிந்தது இந்த ஒன்பது ஸ்டாப்பிங்தான்.

இந்த வருடம் அண்ணன் சரவணம்பட்டியில் நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. தோள் இரண்டும் ஏறி இறங்கின.

"பஸ்சு சித்த நேரம் நிக்குமுங்க," என்றார் பிறகு. "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு."

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரூத் சிரிக்கவில்லை.

"மாமா, உங்களுக்கு மூச்சு வரலை."

"ஒண்ணுமில்ல கண்ணு. தொண்டையில எதோ சிக்கிக்கிச்சு."

"பொய் சொல்றீங்க."

நான் போனை வாங்கிக்கொண்டு, பெரியவர்களிடம் பேசும் பேச்சா இது என்று அவளைக் கடிந்தேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும், "குழந்தை, உடு," என்றார். கேக் வெட்டினோம். அன்று நான் யாரைக் கடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய்த் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைக்கிறேன்.

2

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே முற்றிய நிலை, எலும்பு வரைக்கும் போயிருந்தது. பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாத மனிதர். ஏன் வந்தது என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் காரணம் சொல்ல முடிவதில்லை என்றார் டாக்டர்.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் இந்த நோய்க்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும், உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி. இன்னொன்று தடுப்பூசி. அந்தச் சோதனையில் அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். தடுப்பூசி என்ற சொல் அவருக்கு உறுத்தியது.

"தடுப்பூசின்னா நோவு வர்றதுக்கு முந்தியில்ல போடுவாங்க? வந்து குடியேறுனதுக்கப்பறம் எதைத் தடுக்கறது?"

நான் மருந்தியல் படித்தவள். உயிரணு, புரதம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "செரி கண்ணு" என்றார். ஒன்றும் ஏறவில்லை என்பது அந்தச் "செரி"யிலேயே தெரிந்தது. மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. டிக்கெட் எடுக்காத ஒருத்தன் பஸ்ல உக்காந்திருக்கறான். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுறாரு. இவன் பாஸ் வெச்சிருக்கறவனாட்ட மூஞ்சிய வெச்சுக்கறான். அவரும் உட்டுட்டுப் போயிடறாரு. இந்த ட்ரிப்ஸு இன்ஸ்பெக்டருகிட்ட, எவன் எப்படி மூஞ்சி வெச்சாலும் உட்டுப்போடாதீங்கன்னு சொல்லுது. தடுப்பூசி அவன் போட்டோவக் குடுத்து அனுப்பறது. செரிதானே?"

சரிதான். நான் படித்த படிப்புக்கு இதைவிட நன்றாகச் சொல்ல வராது.

ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை, நானும் அழுத்திச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்கு வேகம் மிஞ்சிப்போனால் டிக்கெட் வாங்கியவனையும் சட்டையைப் பிடித்து இறக்குவார். இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவு அதுதான். உடம்பின் காவல் நல்ல நுரையீரலையே தாக்க ஆரம்பிக்கும். முதலில் வறட்டு இருமல், பிறகு மூச்சு வாங்கும். ஆரம்பத்திலேயே சொன்னால் மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்துச் சரிசெய்து, பல சமயம் மறுபடி தொடரலாம். தாமதமானால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கையில் ஒரு நோட்டுக் கொடுத்து, தினமும் உடம்பு என்ன செய்கிறது என்று எழுதச் சொல்கிறார்கள். மருத்துவமனையில் இதைக் கவனிக்கப் பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். வாரம் ஒருமுறை போன் போட்டும் கேட்பாள்.

3

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குச் சோறு போடுவதே பக்கவிளைவுதான்.

மருந்துச் சோதனைகளை நடத்திக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. அண்ணனுடைய சோதனைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. பல நாடுகளிலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் வரும். வாந்தி, அரிப்பு, தலைசுற்றல் என்று பிரித்து அதனதன் தலைப்பில் போடுவேன். இந்த ஊர் டச்சுக்காரர்கள் எழுதுவதைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து மனசு சரியில்லை, காபி அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கிறது, இடது கால் கட்டைவிரல் மட்டும் குளிர்கிறது, நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. எதையும் விடமாட்டார்கள்.

நம் பக்கத்திலிருந்து வரும் தாள்கள் வெளுப்பாக இருக்கும். இல்லை, இல்லை, இல்லை. பக்கத்து மேஜை மார்லேன் ஒருநாள், "உங்கள் ஊர் ஆட்களுக்கு உடம்பு இரும்பா?" என்று கேட்டாள். "வெயிலில் வளர்ந்தவர்கள்," என்றேன், பெருமை பொங்க. அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பல வருடங்களாக இந்த அபத்தத்தை நம்பியிருக்கிறேன்.

4

பிறந்தநாளுக்கு வந்தவர்கள் போனபிறகு ரூத் சமையலறை வாசலில் வந்து நின்றாள். டச்சில்தான் பேசினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

"அம்மா, உன் வேலையே இதுதானே? மாமா மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். நீ சிரிக்கிறாய்."

அவள் டச்சுக்காரியாகிவிட்டாள் என்று ஊருக்குப் போன் போட்டுப் புலம்பும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. மரியாதை தெரியவில்லை, வளைந்து பேசத் தெரியவில்லை, மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்று. அன்றைக்கு அவளைக் கடியாமல் பால்கனிக்குப் போய் அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊட்டுக்குள்ள நாலு எட்டு வெச்சாச் சேர்ல உக்காந்துக்கறாரு அம்மணி. சட்டைக்குப் பொத்தான் போடறதுக்குள்ள மூணு தடவ நிக்கறாரு. ஆஸ்பத்திரியில சொல்லுங்கன்னா, பொட்டாட்ட வாயை மூடிட்டு இருங்கறாரு."

"எத்தனை நாளா அண்ணி?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

"அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

வந்தது. அண்ணனுக்கு அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஒவ்வொரு நாளுக்கும் தேதி, கிழமை, கீழே கோடு. காய்ச்சல்: இல்லை. இருமல்: இல்லை. மூச்சு: ஒண்ணுமில்லீங்க. மறுநாளும் ஒண்ணுமில்லீங்க. அதற்கு மறுநாளும். ஒரு படிவத்துக்குப் போய் யாராவது 'ங்க' போடுவார்களா? என் அண்ணன் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எழுத்து கலங்கிவிட்டது.

அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, இப்படி எழுதி வெச்சிருக்கறீங்க?"

"நீ வெசனப்படாத கண்ணு. மாடியேறுனா எல்லாருக்கும்தான் மூச்சு வாங்குது."

"பிரியா போன்ல கேக்கறப்பவாவது சொல்லலாமில்லீங்க?"

"அந்தப் புள்ள எத்தனை பாசமாக் கேக்குது தெரியுமா? நல்லாருக்கீங்களா சார்ங்குது. அதுகிட்டப் போயி நல்லால்லைன்னா அது மொகம் வாடிப்போயிரும். டாக்டர் அத்தனை பாடுபடறாரு. நமக்கு நல்லது பண்றவங்ககிட்ட எப்படிக் கண்ணு கொறை சொல்றது?"

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு உண்மையைச் சொன்னார்.

"சொன்னா இந்தச் சோதனையில இருந்து என்னைய எடுத்துப்போடுவாங்க. மொத ஸ்கேன்ல கட்டி வளருலைன்னு சொன்னாங்க. இப்பப்போயி எடுத்துப்போட்டா எனக்கு வேற என்ன இருக்குது? நீ ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

5

எங்கள் பக்கத்துப் பேச்சில் உள்ள மரியாதையைப் புகழாதவர்கள் இல்லை. திட்டினால்கூட 'ங்க' போட்டுத் திட்டுவார்கள் என்பார்கள். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் அந்த மரியாதை எங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் அன்னூருக்குப் பக்கத்தில் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஒருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல். வரப்பில் கால் தடுமாறியதைப் பார்த்துத் தோட்டத்துக்காரர், "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க," என்றார் அம்மா. ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றைய கூலி இல்லை. மறுநாள் வேறு ஆள் வந்திருப்பார். அண்ணனும் நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். வலியைச் சொல்பவருக்கு இடம் போய்விடும் என்பதை நாங்கள் அப்போது கற்றுக்கொண்டோம். அண்ணன் கண்டக்டர் ஆனார், நான் கடல் தாண்டினேன். ரூத்துக்கு முன்னால் நின்று கூலி கொடுத்தவர் யாருமில்லை. அதனால்தான் அவளுக்கு அந்தச் சொல் வரவில்லை போலிருக்கிறது.

நான் மட்டும் ஒழுங்கா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வயிற்று வலி. குடும்ப டாக்டர், ஒன்று முதல் பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டார். நிமிர முடியாத வலி. முதல்முறை பார்க்கும் மனிதரிடம் பத்து என்று சொல்வது அடாவடியாகத் தோன்றியது. "மூன்று இருக்கும்," என்றேன். வந்த சொற்ப டச்சில், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்றும் சேர்த்துச் சொன்னேன். பாராசிட்டமால் போடச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் குடல்வால் அறுவைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த டாக்டர் பிறகு என்னிடம், "நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று கேட்டார். நான் அதைப் பொய் என்று நினைத்திருக்கவில்லை.

சாப்பிட்டாச்சுங்களா என்று யார் கேட்டாலும் ஆச்சுங்க என்போம், வயிறு காலியாக இருந்தாலும். கேட்டவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று. பிரியா கேட்டதையும் அண்ணன் அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டார். பாவம், அந்தப் பெண்ணும் எங்கள் ஊர்தான். 'நல்லாருக்கறனுங்க' என்பதை அப்படியே எழுதிக்கொண்டாள். அந்தத் தாள் எங்கேயோ ஒரு மேஜைக்குப் போயிருக்கும். அங்கே என்னைப்போல ஒருத்தி அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பாள்.

6

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அண்ணனின் கடைசி நம்பிக்கையை நானே பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் அந்த மூச்சே நின்றுபோகலாம். வேறு யாருடைய அண்ணனாக இருந்தாலும் அரை நிமிடத்தில் முடிவெடுத்திருப்பேன். மறுநாள் அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. மதிய இடைவேளையில் வாய்க்கால் ஓரமாக நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். சைக்கிளில் போன ஒருவர், உனக்கு வழி தெரியவில்லையா என்று நிறுத்திக் கேட்டார். "இல்லை, ஒன்றுமில்லை," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்தே விழுந்ததைக் கேட்டேன். அங்கேயே நின்று, அண்ணி கொடுத்திருந்த எண்ணுக்குப் போட்டேன்.

பிரியா எடுத்தாள். யார் என்று சொன்னேன்.

"நோயாளியைப் பத்தி உங்ககிட்ட நான் எதுவும் பேசக் கூடாதுங்க மேடம்."

"நீங்க பேச வேண்டாம்மா. நான் சொல்றதை எழுதிக்கலாமில்ல?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "எழுதிக்கலாமுங்க. சொல்லுங்க."

சொன்னேன். பொத்தான், நாற்காலி, இரண்டு வாரம், சரவணம்பட்டி. எழுதி முடித்தாள். "ஒவ்வொரு வாரமும் கேட்டனுங்க மேடம். நல்லாருக்கறேன்னுதான் சொன்னாரு. என்னைச் சாப்பிட்டியா அம்மணின்னு கேட்டாரு," என்றாள்.

அன்றைக்கே அவரை வரச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. படுக்கையில் சேர்த்து, ஆக்ஸிஜன் வைத்து, ஸ்டீராய்டு ஏற்றினார்கள். டாக்டர் அண்ணியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த அளவுக்கு முற்றியபிறகு அந்த மருந்துகளைத் திரும்பக் கொடுக்க முடியாது, சோதனை மருந்து இத்தோடு நின்றது. இதுவரை போட்டதன் பலன் சிலருக்குத் தொடர்ந்து வேலை செய்யும், இவருக்கு எப்படியென்று சொல்ல முடியாது. முதல் வாரமே தெரிந்திருந்தால் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்திருக்கலாம்.

எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைத்தார். மறைத்ததால் எடுத்துவிட்டார்கள். இதை அவரிடம் யார் சொல்வது?

ஊருக்குப் போக விடுப்புக் கேட்டேன். படிவத்தில், நோயாளியை வேறு யாராலும் கவனிக்க முடியாதா என்று ஒரு கேள்வி. நேர்மையாக, அண்ணி இருக்கிறார் என்று எழுதினேன், விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட் மாறியதால் இந்தியாவுக்குள் போகும் அட்டையிலும் விவரம் மாற்ற வேண்டும். இணையத்தில் என் படத்தை ஏற்றினால், அளவு சரியில்லை என்று மூன்று முறை தள்ளிவிட்டது. நான்காவது படத்தில் என் முகம் அழுதுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டது. அட்டை இன்னும் வரவில்லை.

அண்ணன் வீடு திரும்பியபிறகு போன் போட்டேன்.

"நல்லாருக்கறனுங்க," என்றார். "நீங்க சாப்பிட்டீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

நாற்பது வருடத்துக்கு மேலாக என்னைக் 'கண்ணு' என்றும் 'நீ' என்றும் கூப்பிட்ட மனிதர். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான். நன்றாக இருக்கிறாராம், ஒன்றுமில்லையாம். நான் போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அண்ணியிடம் கேட்டால், "உங்கிட்ட மட்டுமில்ல அம்மணி, எங்கிட்டயும் பேசறதில்ல," என்பார்.

பிரியா மட்டும் விடவில்லை. சோதனையிலிருந்து நீக்கினாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கேட்கும் முறையை மாற்றிவிட்டாளாம். நல்லாருக்கீங்களா என்று கேட்பதே இல்லையாம். "இன்னிக்குப் பொத்தான் போடறப்ப எத்தனை தடவ நின்னீங்க? பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள எங்கெங்க உக்காந்தீங்க?" என்று கேட்கிறாளாம். அவரிடம் மட்டுமல்ல, எல்லா நோயாளிகளிடமும். அதற்கு ஆச்சுங்க என்று பதில் சொல்ல முடியாது. அலுவலகத்தில் மார்லேனிடம் இதைச் சொல்லி, நம் பக்கத்துத் தாள்களில் இனி இப்படித்தான் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் மேலே அனுப்பியிருக்கிறாள். பார்க்கலாம்.

7

போன சனிக்கிழமை மத்தியானம் சட்டியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. என்னவோ ஏதோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"நோட்டும் பேனாவும் இருக்குதா?"

"இருக்குதுங்கண்ணா."

"எழுதிக்க. இந்த ஸ்டீராய்டுல மூஞ்சி ஊதிப்போச்சு. கண்ணாடியில பாத்தா எவனோ நிக்கறான். வாயெல்லாம் ஒரே கசப்பு. முட்டி ரெண்டும் வலிக்குது. உன்ற அண்ணி உப்பில்லாம ரசம் வெக்கறா, கழுவுன தண்ணியாட்ட இருக்குது. எழுதறயா?"

"எழுதறேன்."

"பிரியா தடுப்பூசிக்கு வேற ஆளச் சேத்திருக்கறதாச் சொல்லுச்சு. கேட்டதும் வவுறு எரிஞ்சுது. அந்த எடம் என்னோடதுன்னு தோணுச்சு." மூச்சு வாங்கினார். "எனக்குப் பயமா இருக்குது கண்ணு. அதையும் எழுது."

வெங்காயம் கருகும் வாசனை வந்தது. ரூத் வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

"எழுதிட்டேங்கண்ணா."

"உன்ற மேல கோவம் இன்னும் போகுல."

"அதையும் எழுதிட்டேன்."

ரூத் போனை ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, நான் ரூத். பிறந்தநாள் அன்னிக்கு நீங்க அன்னூர் போகவே இல்ல."

நான் அவள் கையைப் பிடித்தேன். அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

"இன்னிக்குக் கணபதி வரைக்குந்தான் கண்ணு போகும்," என்றார். "அதுக்கு மேல மூச்சு பத்தாது."

"சரி," என்றாள் ரூத். "கணபதி வரைக்கும் சொல்லுங்க."

சொன்னார்.